ஃபைனல் ஃபேண்டசி 1 முதல் 6 வரை: எந்தத் தொகுப்பில் ஆடுவது?

ஜப்பானில் உருவான கதைவழி கேம் தொடரான ஃபைனல் ஃபேண்டசியின் பழைய கேம்களை ஆடிப் பார்க்க ஆசை, எதை வாங்குவது என்று கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரே வரிதான்: பிக்சல் ரீமாஸ்டரை வாங்கு. அந்தப் பதில் பாதி சரி. 1987 தொடங்கி 1994 வரை நின்டெண்டோவின் பழைய கன்சோல்களான ஃபேமிகாமிலும் சூப்பர் ஃபேமிகாமிலும் வந்த முதல் ஆறு கேம்களும் அதன்பிறகு பலமுறை புதிய உருவில் வெளிவந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று கூடியிருக்கிறது, ஏதோ ஒன்று தொலைந்திருக்கிறது. எது கூடியது, எது தொலைந்தது என்பது கேமுக்குக் கேம் வேறுபடுகிறது. அதனால் மொத்தமாக ஒரு தொகுப்பைத் தேர்ந்தெடுத்து அதிலேயே ஆறையும் ஆடி முடிப்பதைவிட, ஒவ்வொரு கேமுக்கும் எது பொருத்தம் என்று பார்ப்பதுதான் நல்லது என்பது என் கட்சி.

களத்தில் இருப்பவை மூன்று.

முதலாவது, பிளேஸ்டேஷன் 1 வட்டுகள். ஜப்பானில் 1999-இல் 4, 5, 6 மூன்றும் சேர்ந்து ஃபைனல் ஃபேண்டசி கலெக்‌ஷன் என்று வந்தன. அமெரிக்காவில் அதே ஆண்டு 5-உம் 6-உம் மட்டும் சேர்ந்து ஆந்தாலஜி ஆனது. 2001-இல் 4-ஐயும் குரோனோ ட்ரிகர் என்ற வேறொரு கேமையும் சேர்த்து குரோனிக்கிள்ஸ், 2003-இல் 1-உம் 2-உம் சேர்ந்து ஆரிஜின்ஸ். ஐரோப்பாவில் கணக்கு வேறு. அங்கே 2002-இல் வந்த ஆந்தாலஜியில் இருப்பவை 4-உம் 5-உம். 6 தனியாக வந்தது. பழைய வட்டு வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆந்தாலஜி என்ற பெயரைப் பார்த்து 6 கிடைக்கும் என்று நம்பி ஐரோப்பிய வட்டை வாங்கிவிட்டால் பணம் வீண்.

இரண்டாவது, கேம் பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ்கள். 2004-இல் 1-உம் 2-உம் சேர்ந்து டான் ஆஃப் சோல்ஸ் என்று வந்தன. பிறகு 4, 5, 6 ஒவ்வொன்றும் அட்வான்ஸ் என்ற பின்னொட்டோடு தனித்தனியாக வந்தன. அமெரிக்காவில் கடைசியான 6 கைக்கு வந்தது 2007-இன் தொடக்கத்தில்.

மூன்றாவது, பழைய இருபரிமாணப் பாணியிலேயே புதுப்பித்த பிக்சல் ரீமாஸ்டர். 2021 ஜூலையில் முதல் மூன்றும், செப்டம்பரில் 4-உம், நவம்பரில் 5-உம், 2022 பிப்ரவரியில் 6-உம் கணினிக்கும் போனுக்கும் வந்தன. ஸ்விட்சுக்கும் பிளேஸ்டேஷன் 4-க்கும் 2023 ஏப்ரலில், எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கு 2024 செப்டம்பரில்.

இந்தப் பட்டியலில் 3 எங்கே போனது என்று கவனித்தீர்களா? முதல் இரண்டு வரிசையிலும் அது இல்லவே இல்லை. 1990-இல் ஃபேமிகாமில் வந்த ஃபைனல் ஃபேண்டசி 3, ஜப்பானுக்கு வெளியே பல ஆண்டுகள் அதிகாரப்பூர்வமாக வரவில்லை. 2006-இல் நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கு முப்பரிமாண உருவில் புதிதாகச் செய்தார்கள். அது வேறு மாதிரியான கேம். பெயரில்லாத நான்கு அனாதைப் பிள்ளைகளுக்கு அதில் பெயரும் குணமும் கொடுத்துவிட்டார்கள். பழைய இருபரிமாண 3 ஆங்கிலத்தில் முறையாகக் கிடைத்தது 2021-இல் பிக்சல் ரீமாஸ்டர் வந்த பிறகுதான். எனவே 3-ஐப் பொறுத்தவரை விவாதத்துக்கே இடமில்லை. அதுவும் நல்ல விதத்தில் முடிந்த விஷயம். இந்தக் கேமின் கடைசி ஏற்றம் கொடூரமானது: கிரிஸ்டல் டவர், அதைத் தாண்டி இருள் உலகம், இடையில் சேவ் செய்ய ஓர் இடம்கூடக் கிடையாது. ஃபேமிகாமில் தோற்றால் ஒரு மாலைப்பொழுது மொத்தமும் போய்விடும். பிக்சல் ரீமாஸ்டரில் எங்கே வேண்டுமானாலும் குயிக் சேவ் உண்டு, இடம் மாறும்போது தானாகவும் சேவ் ஆகிறது. கேமின் உடம்பைத் தொடாமல் அதன் ஒரே பெரிய கொடுமையை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

சரி, மற்ற ஐந்துக்கு வருவோம்.

முதல் கேமில் முடிவெடுக்க வேண்டியது ஒன்றுதான்: உங்களுக்கு எவ்வளவு கடினம் வேண்டும்? ஆறு வகை வீரர்களில் நால்வரைத் தேர்ந்தெடுத்துக் கிளம்புகிறீர்கள். மூல வடிவில் மந்திரத்துக்கு எம்பி என்ற பொதுவான ஆற்றல் எண் கிடையாது. ஒவ்வொரு படிநிலை மந்திரத்தையும் இத்தனை முறைதான் பயன்படுத்தலாம் என்று கணக்கு. குகைக்குள் நுழையும்போதே திரும்பி வர எத்தனை மிச்சம் வேண்டும் என்று யோசிக்க வைக்கும் ஏற்பாடு அது. அந்தக் கேமின் சுவையில் பாதி அந்த யோசனையில்தான் இருக்கிறது. டான் ஆஃப் சோல்ஸ் இதைத் தூக்கிவிட்டு வழக்கமான எம்பியைக் கொண்டுவந்தது, லெவலும் வேகமாக ஏறும். ஆடுவதற்கு மிக எளிது, ஆனால் குகைகள் பயம் காட்டுவதில்லை. அதற்கு ஈடாக ஒரு விருந்து வைத்திருக்கிறார்கள்: சோல் ஆஃப் கேயாஸ் என்று நான்கு புதிய டன்ஜன்கள், அதாவது எதிரிகள் நிறைந்த நிலவறைகள். அவற்றில் 3 முதல் 6 வரையிலான கேம்களின் பாஸ்கள், அதாவது பெரிய எதிரிகள், வந்து நிற்பார்கள். பழைய ரசிகர்களுக்கு அது கொண்டாட்டம். முதல்முறை ஆடுகிறவருக்கு அவர்கள் யார் என்றே தெரியாது.

பிக்சல் ரீமாஸ்டர் பழைய கணக்கு முறையைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனாலும் மூலத்தைவிட இலகுவாகவே இருக்கிறது. பழைய கடுமை வேண்டுமென்றால் பிளேஸ்டேஷன் ஆரிஜின்ஸில் நார்மல் வகையைத் தேர்ந்தெடுங்கள். படமும் ஒலியும் கண்ணியமாக இருக்கும், மந்திரக் கணக்கும் அப்படியே இருக்கும். ஈசி வகை வேறு தனியாக உண்டு. ஃபேமிகாம் மூலத்துக்கே போகிறேன் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதில் அறிவுத் திறன் எண் மந்திரத்தின் வலிமையைத் தொடவே தொடாது. நிரலில் ஏற்பட்ட பிழை. இறந்துபோன எதிரியை நோக்கி ஓங்கிய வாள் வேறு யார் மேலும் திரும்பாமல் வீணாகும். அந்தக் கேமை எழுதிய நிரலாளர் நாசிர் ஜெபெல்லி, ஈரானில் பிறந்து அமெரிக்காவில் ஆப்பிள் 2 கேம்களால் பெயர் வாங்கியவர். அவ்வளவு சிறிய கார்ட்ரிட்ஜில் அவர் பறக்கவிட்ட விமானத்தின் வேகம் இன்றைக்கும் வியக்க வைக்கிறது. பிழைகளுக்காக அவரைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் முதல்முறை ஆடுவதற்கு அந்தப் பதிப்பு வேண்டாம்.

இரண்டாவது கேம் பலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். லெவலே கிடையாது, வாள் பிடித்தால் வாள் திறன் வளரும், அடி வாங்கினால் உயிர் எண் வளரும். இதை வடிவமைத்த அகிதோஷி கவாசு பிறகு சாகா தொடரைத் தொடங்கினார், இதே யோசனையை அங்கே வளர்த்தெடுத்தார். 1988 வடிவில் இந்த முறை சரியாகப் பதமாகவில்லை. வேகமாக வளர வேண்டுமென்று ஆடுகிறவர்கள் தங்கள் ஆட்களையே தாங்கள் அடித்துக்கொண்டார்கள். ஒரு திறன் ஏறும்போது இன்னொன்று இறங்கும் விதி வேறு. பிறகு வந்த பதிப்புகளில் அந்த இறக்கத்தை எடுத்துவிட்டார்கள். இந்தக் கேமுக்குத்தான் பிக்சல் ரீமாஸ்டரின் பூஸ்ட் வசதி உண்மையிலேயே பயன்படும். வளர்ச்சியின் வேகத்தைக் கூட்டிவிட்டால், திறன் வளர்க்கத் திரும்பத் திரும்பச் சண்டையிடும் சலிப்பு போய், அடிக்குமேல் அடி வாங்கும் ஒரு கிளர்ச்சிப் படையின் சோகக் கதை முன்னால் வந்து நிற்கும்.

ஆனால் அந்தச் சோகத்தை முழுமையாக்கியது கேம் பாய் பதிப்பு. கதையின் நடுவே தோழர்கள் ஒருவர் பின் ஒருவராக உயிர் துறக்கிறார்கள். 1988-இல் அது புதிய துணிச்சல். டான் ஆஃப் சோல்ஸில் கேமை முடித்தபின் சோல் ஆஃப் ரீபர்த் என்று ஒரு தனிப் பகுதி திறக்கும். அதில் ஆடுவது இறந்துபோனவர்களை. மறு உலகில் அவர்கள் சந்தித்துக்கொள்கிறார்கள், உயிரோடு இருப்பவர்களுக்குத் தெரியாமல் அங்கே ஒரு போர் நடத்துகிறார்கள். கூடுதலாகச் சேர்த்த பகுதி ஒன்று மூலக்கதையின் பொருளையே ஆழமாக்கியது இந்த வரிசையில் இங்கே மட்டும்தான் என்று சொல்வேன். பிக்சல் ரீமாஸ்டரில் இது இல்லை. எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் இழப்பு இது.

இங்கே நின்று ஒன்று சொல்ல வேண்டும். பிக்சல் ரீமாஸ்டர் கேம் பாயில் சேர்த்த எதையுமே எடுத்துக்கொள்ளவில்லை. ஃபேமிகாமிலும் சூப்பர் ஃபேமிகாமிலும் இருந்த உள்ளடக்கத்தை மட்டும் மெருகேற்றுவது என்று முடிவு செய்தார்கள். அந்தக் கொள்கையை மதிக்கலாம். ஆனால் அதே சமயத்தில், கேம் பாய் கூடுதல்களோடு கணினியில் விற்றுக்கொண்டிருந்த 5, 6 பதிப்புகளை 2021-இல் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தப் பதிப்புகளின் வழவழப்பான படங்கள் பலருக்குப் பிடிக்கவில்லை என்பது உண்மை. எனக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் அவை போனதோடு அந்தக் கூடுதல் பகுதிகளைப் புதிதாக விலைகொடுத்து வாங்கும் வழியும் அடைபட்டது. கேம்களைப் பாதுகாப்பது பற்றிப் பேசும்போது இதைத் தாண்டிப் போக முடியாது.

நான்காவது கேமில் போட்டி கடுமை. 1991-இல் வந்த இதில்தான் ஹிரோயுகி இட்டோ வடிவமைத்த ஏடிபி முறை அறிமுகமானது. நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிரி அடித்துவிடுவான். அமெரிக்காவில் இது 2 என்ற எண்ணோடு வெளிவந்தது. கடினத்தைக் குறைத்தார்கள், பல பொருட்களை எடுத்தார்கள், நாயகன் செசிலின் இருள் வீச்சைக்கூட நீக்கினார்கள். நீக்கியதெல்லாம் திரும்பக் கிடைத்தது பிளேஸ்டேஷன் குரோனிக்கிள்ஸில்தான். அந்த வகையில் அது முக்கியமான பதிப்பு, மொழிபெயர்ப்பும் புதிது. கேம் பாய் பதிப்பில் கடைசிக் கட்டத்தில் துணைப் பாத்திரங்களான பாலம், போரம், யாங், சிட், எட்வர்ட் ஆகியோரில் விரும்பியவர்களைக் கூட்டிச் செல்லலாம், புதிய டன்ஜனும் உண்டு. ஆனால் அமெரிக்கக் கார்ட்ரிட்ஜில் ஏடிபியே ஒழுங்காக ஓடவில்லை. ஒருவரின் முறை இன்னொருவருக்குப் போகும், சிலருக்கு இரண்டு முறை வரும். ஐரோப்பியக் கார்ட்ரிட்ஜில் அதைச் சரிசெய்தார்கள். கேம் பாயில் இடப்பூட்டு (ஒரு நாட்டின் கேம் இன்னொரு நாட்டுக் கருவியில் ஓடாத தடை) கிடையாது என்பதால், வாங்குவதென்றால் ஐரோப்பியப் பதிப்பையே தேடி வாங்குங்கள்.

ஆனால் நான்குக்கு என் பதில் இந்த மூன்று வரிசைக்கும் வெளியே இருக்கிறது. 2011-இல் சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பிக்கு வந்த கம்ப்ளீட் கலெக்‌ஷன். தெளிவான இருபரிமாணப் படங்கள், பழைய இசைக்கும் டிஎஸ் பதிப்பின் இசைக்கும் இடையே மாற்றிக்கொள்ளும் வசதி, கேம் பாயில் சேர்த்தவை அனைத்தும், அதற்கு மேல் இன்டர்லூட் என்ற சிறு இடைக்கதையும் ஆஃப்டர் இயர்ஸ் என்ற தொடர்ச்சியும். கையில் பிஎஸ்பி இருந்தால் வேறெங்கும் போக வேண்டாம். இல்லையென்றால் பிக்சல் ரீமாஸ்டர் தாராளமாகப் போதும். நான்கின் பலம் அதன் கதை ஓட்டம். அது எந்தப் பதிப்பிலும் சேதமாகவில்லை.

ஐந்தாவது கேம் வேறு மாதிரி. இதன் உயிர் ஜாப் முறையில் இருக்கிறது. இருபத்திரண்டு தொழில்கள், ஒன்றில் கற்றதை இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளலாம். நீலமந்திரவாதிக்கு இரட்டை வாள் கொடுக்கலாம், சாமுராய்க்குக் காலமந்திரம் கொடுக்கலாம். இந்தச் சேர்க்கைகளுக்காகவே இன்றைக்கும் ஆண்டுதோறும் ஃபோர் ஜாப் ஃபீஸ்டா என்று உலகெங்கும் ரசிகர்கள் கூடி ஆடுகிறார்கள். தற்செயலாகக் கிடைக்கும் நான்கு தொழில்களை மட்டும் வைத்துக் கேமை முடிக்க வேண்டும், அதை வைத்து நன்கொடையும் திரட்டுகிறார்கள்.

இந்தக் கேமுக்கு ஆந்தாலஜி பதிப்பை ஆட வேண்டாம் என்று தெளிவாகவே சொல்கிறேன். 1992-இன் கேம் முறையாக ஆங்கிலத்துக்கு வந்தது அதில்தான் என்பதால் சரித்திர மதிப்பு உண்டு. ஆனால் மொழிபெயர்ப்பு பரிதாபம். ஃபேரிஸ் என்ற பாத்திரம் வாயைத் திறந்தாலே கதைப்புத்தகக் கடற்கொள்ளையர் பேச்சு. கிரைல் என்ற பாத்திரத்தின் பெயர் காரா ஆகிவிட்டது. வைவர்ன் என்ற பறக்கும் நாகத்தை ஒய் பர்ன் என்று எழுதிவைத்தார்கள். இலகுவான நகைச்சுவையோடு எழுதிய கதையை இது சாகடித்துவிடுகிறது.

கேம் பாய் பதிப்பின் ஆங்கிலம் அதற்கு நேர் எதிர். கில்காமேஷ் என்ற எதிரி வரும் காட்சிகள் எல்லாம் அதில் உண்மையாகவே சிரிக்க வைக்கும். மேலும் நான்கு புதிய தொழில்கள், முத்திரையிட்ட கோயில் என்ற பெரிய டன்ஜன். ஆனால் ஒலியில் அடி வாங்குகிறது. பெரிய பாலத்தில் நடக்கும் சண்டையின் இசையைக் கேம் பாயில் கேட்பது எனக்கு வலி.

இந்த ஒலிப் பிரச்சினையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் முடிவே இதில்தான் தொங்குகிறது. சூப்பர் ஃபேமிகாமில் ஒலிக்கென்றே சோனி தயாரித்த தனிச் சில்லு இருந்தது. அதை வடிவமைத்த கென் குதராகிதான் பின்னாளில் பிளேஸ்டேஷனை உருவாக்கியவர். எட்டுத் தடங்கள், 64 கிலோபைட் நினைவகம். இசையமைப்பாளர் நோபுவோ உயெமாட்சு அந்தச் சிறிய இடத்துக்குள் வாத்தியக் குழுவையே அடைத்தார். கேம் பாய் அட்வான்ஸில் அப்படித் தனிச் சில்லு இல்லை. மாதிரி ஒலிகளைக் கலக்கும் வேலையை அதன் முதன்மைச் செயலியே கேமை ஓட்டிக்கொண்டே செய்ய வேண்டும். அதனால் தரம் இறக்கப்பட்டது, பின்னணியில் இரைச்சல், அடித்தொனி மெலிந்துபோனது. திரையும் சிறியது: சூப்பர் ஃபேமிகாமின் 256-க்கு 224 புள்ளிகள், கேம் பாயில் 240-க்கு 160. மேலும் கீழும் வெட்டுப்பட்ட காட்சிகள். கையில் வைத்து ஆடும்போது படத்தின் இழப்பு தெரியாது, ஹெட்போன் மாட்டினால் ஒலியின் இழப்பு நன்றாகவே தெரியும்.

பிக்சல் ரீமாஸ்டரின் மிகப் பெரிய பலமே இந்த இடம்தான். ஆறு கேம்களின் இசையும் உயெமாட்சுவின் மேற்பார்வையில் புதிதாக அமைத்து ஒலிப்பதிவு செய்தவை. கன்சோல் பதிப்பில் மூல இசைக்கும் மாறிக்கொள்ளலாம். படங்களில் அந்நாளில் ஸ்ப்ரைட் எனும் சிறு உருவங்களை வரைந்த கசுகோ ஷிபுயா மறுபடி வந்து கைவைத்திருக்கிறார். அதனால்தான் உருவங்களுக்குப் பழைய முகம் மாறவில்லை.

ஐந்துக்கு என் தீர்ப்பு: முதல்முறை என்றால் பிக்சல் ரீமாஸ்டர். தொழில்களோடு விளையாடுவதே பிடித்துப்போய் இன்னும் வேண்டும் என்று தோன்றினால் அப்புறம் கேம் பாய். ஒரு கண்டிப்பு மட்டும்: பூஸ்ட் வசதியை இந்தக் கேமில் தொடாதீர்கள். தொழில்களை வளர்க்கும் ஏபிபி புள்ளிகளை நான்கு மடங்காக்கினால் எல்லாத் தொழிலும் விரைவில் கைக்கு வந்துவிடும். எதை இப்போது கற்பது, எதைத் தள்ளிப்போடுவது என்ற தேர்வுதான் கேமே. அது போனால் ஆடுவதற்கு ஒன்றும் இருக்காது.

ஆறாவது கேம். இதைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இதற்காகத்தான் இந்தக் கேள்வியையே கேட்கிறார்கள். பதினான்கு பாத்திரங்கள், பாதியில் உலகமே அழியும் கதை, கெஃப்கா என்ற வில்லன், பதினேழு நிமிடத்துக்கு மேல் ஓடும் கடைசிச் சண்டை இசை.

1994-இல் டெட் வூல்சி இதை வெறும் முப்பது நாளில் ஆங்கிலமாக்கினார். கார்ட்ரிட்ஜில் இடம் போதாது, நின்டெண்டோவின் கட்டுப்பாடுகள் வேறு. ஹோலி என்ற மந்திரம் பேர்ல் ஆனது, மதுக்கடை காபிக்கடை ஆனது. அந்த நெருக்கடியிலும் கெஃப்காவுக்கு அவர் கொடுத்த குரல் ஒரு தலைமுறைக்கு மனப்பாடம். அந்த மொழிபெயர்ப்பை வட்டில் ஆட வேண்டுமானால் ஆந்தாலஜிதான். 2017-இல் வந்த சூப்பர் நின்டெண்டோ கிளாசிக் என்ற சிறு கன்சோலிலும் அதே மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஆந்தாலஜியின் குறை லோடிங். மெனுவைத் திறந்தால் காத்திருப்பு, சண்டை தொடங்கினால் காத்திருப்பு, முடிந்தால் மறுபடி காத்திருப்பு. ஒவ்வொன்றும் சின்னதுதான், ஆனால் நாற்பது மணிநேரக் கேமில் அடிக்கொரு சண்டை வரும்போது இந்தத் தாமதம் தாளத்தையே குலைத்துவிடும். பிளேஸ்டேஷன் 2-இல் போட்டு, அதன் பிளேஸ்டேஷன் டிரைவர் அமைப்பில் வட்டின் வேகத்தை ஃபாஸ்ட் என்று மாற்றினால் ஓரளவு குறையும். பிளேஸ்டேஷன் 3-உம் இந்த வட்டுகளை ஓட்டும். பிளேஸ்டேஷன் 4-உம் 5-உம் ஓட்டாது.

கேம் பாய் பதிப்பில் எஸ்பர்கள் என்ற மாய உயிர்கள் நான்கு கூடுதல், டிராகன்களின் குகை, சோல் ஷ்ரைன் ஆகியவை உண்டு. அதைவிட முக்கியமாக, பழைய பிழைகளைத் திருத்தினார்கள். சூப்பர் ஃபேமிகாமில் அடியைத் தவிர்க்கும் திறன் எண் வேலையே செய்யாது. மந்திரத்தைத் தடுக்கும் எண்தான் இரண்டு வேலையையும் செய்யும். கண் தெரியாமல் போனாலும் அங்கே அடி குறி தவறாது. இதெல்லாம் கேம் பாயில் ஒழுங்கானது.

பிக்சல் ரீமாஸ்டர் 6-இல் எல்லோரும் பேசுவது நாடக அரங்கக் காட்சி. பின்னணி ஆழம் பெறுகிறது, கேமரா நகர்கிறது, செலெஸ் என்ற பாத்திரத்தின் பாட்டு உண்மையான குரலில் ஒலிக்கிறது, பாடும் மொழியைக்கூட மாற்றலாம். சில்லிலிருந்து வந்த பழைய போலிக்குரலுக்கு என்று ஒரு மயக்கம் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் முதல்முறை ஆடுகிறவர் அந்தக் காட்சியை இந்த உருவில் பார்ப்பது கொடுத்துவைத்த விஷயம். கடைசிச் சண்டை இசையும் இந்தப் பதிவில்தான் அதன் முழு உயரத்தில் நிற்கிறது. குகைகளுக்கு வரைபடம் வருகிறது, எத்தனை பெட்டி மிச்சம் என்றும் சொல்கிறது. சுற்றித் தேடும் சுகத்தை இது கொஞ்சம் தின்றுவிடுகிறது என்பது என் எண்ணம். பார்க்காமல் ஆட முடிந்தால் ஆடுங்கள். ஆறுக்கு நான் பிக்சல் ரீமாஸ்டரைத் தயக்கமில்லாமல் பரிந்துரைக்கிறேன்.

குரோனோ ட்ரிகரைப் பற்றிக் கேட்பீர்கள். அது பிக்சல் ரீமாஸ்டரில் இல்லை. குரோனிக்கிள்ஸில் இருக்கும் பதிப்பில் அகிரா தோரியாமாவின் பாணியில் அனிமே காட்சிகள் உண்டு, ஆனால் லோடிங் ஆந்தாலஜியைப் போலவே சோதிக்கும். அந்தக் காட்சிகளோடு காத்திருப்பு இல்லாத பதிப்பு 2008-இன் டிஎஸ் பதிப்பு. 2018-இல் கணினிக்கு வந்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள்; அடுத்தடுத்து அப்டேட்கள் வந்து இப்போது நன்றாகவே இருக்கிறது.

பழைய பொருளைத் தேடுகிறவர்களுக்கு இன்னொரு சொல். கேம் பாய் கார்ட்ரிட்ஜ்களில் போலி ஏராளம். பார்ப்பதற்கு அசலைப் போலவே இருக்கும், திடீரென்று ஒரு நாள் சேவ் காணாமல் போகும். விற்பவரிடம் உள்ளிருக்கும் சர்க்யூட் பலகையின் படம் கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். ஆட கேம் பாய்தான் வேண்டும் என்பதில்லை, டிஎஸ்ஸும் டிஎஸ் லைட்டும் இவற்றை ஏற்கும். டிஎஸ்ஐயில் அந்தத் துளை இல்லை.

நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பது போன்தான். போனில் பிக்சல் ரீமாஸ்டர் நன்றாகவே ஓடும். முறை வைத்து அடிக்கும் கேம் என்பதால் தொடுதிரை பெரிய தொல்லை இல்லை. 4-லிருந்து ஏடிபி வருவதால் அமைப்பில் வெயிட் என்பதை வைத்துக்கொள்ளுங்கள், மெனுவில் தேடும்போது நேரம் நின்று காத்திருக்கும்.

ஆறையும் சேர்த்து வாங்கினால் அமெரிக்க விலை சுமார் 75 டாலர். எடுத்த எடுப்பில் அது வேண்டாம். தனித்தனியாகவும் விற்கிறார்கள், 6-ஐ மட்டும் முதலில் வாங்குங்கள். அது பிடித்தால் 4, பிறகு 5. இந்த மூன்றையும் முடித்தவருக்கு 3-உம் 1-உம் தானாகவே ஆசை காட்டும். இரண்டாவதை மட்டும் கேம் பாயில் தேடிப் பிடியுங்கள். வாங்கியதும் முதல் வேலையாக அமைப்புக்குள் போய் எழுத்துருவைப் பழைய பிக்சல் பாணிக்கு மாற்றுங்கள். முதலில் வந்தபோது இருந்த ஒல்லி எழுத்துரு கண்ணை உறுத்தும் என்று எல்லோரும் சண்டை போட்டுத்தான் இந்த வசதி வந்தது. கூடவே பூஸ்ட் எல்லாம் கூட்டாமல் ஒரு மடங்கில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.